பெற்றோர் கூட்டத்தில் பெற்றோர் எப்போது கதைப்பது?

அக்காவின் மகள் மூன்றாம் வகுப்பு. வன்னியில் ஒரு ஆரம்பப் பாடசாலை, ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது. போன வருசம் இரண்டாம் தவணை முழுக்க அவள் தண்ணீர்ப் போத்தலை நிறைத்துக் கொண்டுபோய், நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தாள். அக்கா முதலில் பேசினாள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, சலம் போக எரியுது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் மருந்து தந்த டொக்டர், சிறுநீரில் தொற்று, பிள்ளை தண்ணீர் காணாது, நிறையக் குடிக்கக் குடுங்கோ என்று சொல்லி விட்டார்.

நான் அந்தக் கிழமை வீட்டில் நின்றேன். "ஏனம்மா தண்ணி குடிக்கிறேல்லை?" என்று கேட்டேன். "குடிச்சா ஒண்டுக்கு வரும் சித்தி. கக்கூசுக்க தண்ணி இல்லை. மணக்கும்" என்றாள்.

ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஆறு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் மட்டுமில்லை, தன்னோடு இருக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் என்றாள். அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை, பள்ளிக்கூடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிற மாதிரிச் சொன்னாள்.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம். புதன்கிழமை காலை பத்து மணி. அக்கா ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் நின்றால் அந்த நாள் சம்பளத்தோடு வரவுக்குக் குடுக்கிற மேலதிகக் காசும் போய்விடும். அத்தான் கூலி வேலைக்குப் போகிறவர். கம்பஸில் விரிவுரை இல்லாததால் நான் போனேன். "சித்தி, நீங்கள் கேப்பீங்களோ?" என்று பிள்ளை கேட்டாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பத்து மணிக் கூட்டம் பத்து நாற்பதுக்குத் தொடங்கியது. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒருவர் வரவேண்டி இருந்ததாம். முன்னுக்கு இரண்டு வரிசை பிளாஸ்ரிக் கதிரை, அது விருந்தினருக்கும் நலன்விரும்பிகளுக்கும். பின்னுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்னக் கதிரைகள், அது எங்களுக்கு. முழங்கால் நாடியில் முட்ட அறுபது எழுபது அம்மாமார் அதில் குந்தி இருந்தார்கள். ஆண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் சாய்ந்து நின்றார்கள். 1930 ஐ ஒட்டிய வருசங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாங்கில் சரிசமமாக இருக்கவேணும் என்று சமாசனத்துக்காகச் சண்டை பிடித்த வரலாறு வடக்குக்கு இருக்கிறது. யார் எங்கே இருக்கிறார் என்பது இங்கே ஒருநாளும் சின்ன விசயமாக இருந்ததில்லை.

நிகழ்ச்சி நிரல் கரும்பலகையில் எழுதியிருந்தது. மங்கள விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, விருந்தினர் உரை, புலமைப்பரிசில் சித்தியடைந்தோர் கௌரவிப்பு, கொடையாளர் கௌரவிப்பு, கணக்கறிக்கை, வேறு விடயங்கள், நன்றியுரை. மொத்தம் பத்து. இந்தப் பத்திலும் ஒரு அம்மா வாய் திறக்கக்கூடியது ஒன்றே ஒன்று, அதுவும் ஒன்பதாவது. அது வரும்போது மணி பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. சிற்றுண்டி வந்துவிட்டது, விருந்தினர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை முழுக்க அந்த 'வேறு விடயங்கள்' என்ற ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது. கக்கூசுக்குத் தண்ணீர் வருகிறதா, மத்தியானச் சாப்பாட்டைப் பிள்ளை சாப்பிடுகிறதா, வாசலில் மோட்டார்சைக்கிள் நிற்கிற நேரத்தில் பிள்ளைகள் எப்படி றோட்டைக் கடக்கிறார்கள், புத்தகப் பையின் பாரம் எவ்வளவு, யாருக்குத் தடியால் அடி விழுந்தது, ஆங்கிலத்துக்கு ஏன் மூன்று மாதமாக ரீச்சர் இல்லை. இதெல்லாம் 'வேறு'. அப்படியென்றால் பிரதான விடயம் எது?

அன்றைக்கு ஓடிய நேரத்தை வைத்துச் சொல்கிறேன். முதலாவது, நுழைவாயில் வளைவு. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் காசு அனுப்பி வாசலில் பெரிய வளைவு கட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சரஸ்வதியும் அன்னமும், கீழே கறுப்புக் கல்லில் கொடுத்தவர்களின் பெயர். அவர்களின் சார்பில் வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நல்ல மனிதர், நல்ல மனதோடுதான் குடுத்திருப்பார். ஆனால் அந்த வளைவுக்குப் பெயின்ற் அடித்த காசே போதும், பழுதாய்க் கிடக்கிற தண்ணீர் மோட்டரைத் திருத்த. கக்கூஸ் வாசலில் பெயர் பொறிக்க ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளுக்கு எது வேணும் என்று குடுக்கிறவரிடம் ஒருவரும் சொல்லவும் இல்லை.

இரண்டாவது, புலமைப்பரிசில். கால்வாசி நேரம் அதுக்குத்தான் போனது. எத்தனை பேர் வெட்டுப்புள்ளிக்கு மேல், பக்கத்துப் பாடசாலையில் எத்தனை, அடுத்த வருசம் இன்னும் எத்தனை வேணும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம் குடுக்கவும், நல்ல பாடசாலைக்குப் போக வழிவிடவும் வந்த பரீட்சை இது. இன்றைக்கு அது பாடசாலைகளின் மானப் பிரச்சினை. 2024 இல் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் மட்டும் போய், மூன்று வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி குடுக்கச் சொன்னதை நாங்கள் பார்த்தோம். பத்து வயதுப் பிள்ளையின் பரீட்சைக்கு நீதிமன்றம் போகிற நாடு இது. அதே பிள்ளை ஆறு மணித்தியாலம் சலத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறதுக்கு ஒரு வகுப்பறைக் கூட்டத்தில் கூட ஐந்து நிமிசம் இல்லை.

மூன்றாவது, காசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தா, விளையாட்டுப் போட்டிக் காசு, ஒளிவிழாக் காசு, ஃபோட்டோக்கொப்பிக் காசு, கூட்டுறதுக்கு வைத்திருக்கிற அம்மாவுக்குக் குடுக்கிற காசு. கடைசியைக் கவனியுங்கள். எத்தனையோ சின்னப் பாடசாலைகளில் துப்புரவுக்கு அரசாங்கம் ஆள் போடவில்லை. பெற்றோர்தான் காசு சேர்த்து ஒருவரை வைக்கிறார்கள், அல்லது சனிக்கிழமை சிரமதானம் என்று சொல்லி அம்மாமாரே வந்து கழுவுகிறார்கள். 1945 ஒக்ரோபரில் கன்னங்கரா காலத்தில் தொடங்கிய இலவசக் கல்வியைப் பற்றி நாங்கள் கம்பஸ் வாசலில் பதாதை பிடிக்கிறோம். அந்த இலவசக் கல்வியின் கக்கூசைக் கழுவுகிறது, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்ற ஒரு அம்மா.

காசு தரமாட்டோம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும் எழும்பி, "சேர், போன முறை சேர்த்த காசு..." என்று தொடங்கினார். "கணக்கு ஒபிசில இருக்கு, வந்து பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அவ இருந்துவிட்டா. ஒபிசில் போய்க் கணக்குக் கேட்கிற அம்மாவுக்கு ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இடையில் வாசலில் நின்ற அப்பா ஒருவர் மைக் வாங்கினார். "எங்கட காலத்தில கண் ரெண்டையும் விட்டிட்டு மற்றதெல்லாம் உரிச்சுப் போடுங்கோ எண்டுதான் எங்கட அப்பாமார் வாத்திமாரிட்ட விட்டவை. அதாலதான் நாங்கள் மனிசரா இருக்கிறம்." அன்றைக்கு விழுந்த ஆகப் பெரிய கைதட்டு அதுக்குத்தான். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005 இலும் வந்தது, 2016 இலும் வந்தது. அதிபருக்குத் தெரியும், வலயத்திலிருந்து வந்தவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுக்குப் பிறகு, தன் பிள்ளைக்குக் கையில் தழும்பு இருக்குது என்று சொல்ல வந்த அம்மா யாராவது அங்கே இருந்திருந்தால், அவ எப்படி வாய் திறப்பா? நான் பெற்றோரை மட்டும் பாவம் என்று எழுத வரவில்லை. பிள்ளைகளின் வாயை மூடுகிறதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஒன்பதாவது வரி வந்தது. நான் கையை உயர்த்தினேன்.

"நீங்கள் ஆர்? பெற்றோரோ?"

"இல்லை சேர், பிள்ளையின்ர சித்தி. அம்மா வேலைக்குப் போட்டா."

"இது பெற்றோர் கூட்டம் எல்லோ."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. கலைப்பீடத்தில் மைக் பிடித்துக் கத்துகிற எனக்கே அப்படியென்றால், அந்தச் சின்னக் கதிரைகளில் இருந்தவர்களை யோசியுங்கள். ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன்: கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிறதில்லை, எங்கள் பிள்ளைக்கு வருத்தம் வந்துவிட்டது. மண்டபம் பேசாமல் இருந்தது. பின்னுக்கிருந்து ஒரு அம்மா, இருந்தபடியே, மெல்லமாகச் சொன்னா: "என்ர பிள்ளையும் அப்பிடித்தான் சேர்." பிறகு இன்னொருவர். பிறகு இரண்டு பேர் ஒன்றாக.

அதிபர் கை காட்டி நிறுத்தினார். "இதுகளை ஒபிசில வந்து தனியாக் கதையுங்கோ. விருந்தினர் இருக்கிற இடத்தில கதைக்கிற விசயமில்லை." நன்றியுரை. றோல்ஸும் தேத்தண்ணியும்.

வெளியில் வரும்போது முதலில் கதைத்த அம்மா என் கையைப் பிடித்தா. "நீங்கள் கம்பஸுக்குப் போயிடுவீங்கள் தங்கச்சி. நாங்கள் கேட்டா நாளைக்குப் பிள்ளையில காட்டுவினம்."

இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பாடசாலையில் ஒரு ரீச்சர் தன் சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறா, காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்குக் குடுக்க. எல்லாரையும் ஒரே தராசில் போட எனக்கு மனமில்லை. ஆனால் பயம் இருக்கிறது என்பதே போதும். தன் பிள்ளையைப் பணயமாக வைத்துத்தான் கேள்வி கேட்கவேணும் என்று ஒரு தாய் நினைக்கிற இடத்தில் நடக்கிறது கலந்துரையாடல் இல்லை. அது அறிவித்தல். காலையில் பிள்ளைகளுக்கு வரிசையில் நடக்கிறதுதான், பத்து மணிக்கு அம்மாமாருக்கு நடக்கிறது.

இதை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு பதில் வந்தது. முதலாவது, "இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை, கூட்டத்துக்கே வாறதில்லை." வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வராதவருக்கு அக்கறை இல்லை என்கிறது நியாயமா? அக்காவுக்கு அக்கறை இல்லையா? ஒரு நாள் சம்பளத்தைக் குடுத்துத்தான் அக்கறையைக் காட்டவேணும் என்றால் அந்த அக்கறை சம்பளக்காரருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும்தான் இருக்கும். அவர்களில் கனபேர் பிள்ளைகளை ரவுண் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியிருக்கிறது வயல், கடல், கூலி, காமென்ற். இவர்களின் நேரத்தைக் கேட்காமல் வைக்கிற கூட்டம் இவர்களுக்கான கூட்டம் இல்லை.

இரண்டாவது பதில் கொஞ்சம் நியாயமானது. "அதிபர் என்ன செய்யிறது? அவரிட்டக் காசு இல்லை, ஆள் இல்லை, அதிகாரம் இல்லை." உண்மைதான். மோட்டர் திருத்தவும் அவர் எழுதிக் கேட்கவேணும். துப்புரவுக்கு ஆள் போடுகிறது அவரில்லை. வலயத்திலிருந்து அவரைக் கேட்கிறதும் 'புலமைப்பரிசில் எத்தனை' என்றுதான், 'கக்கூஸ் எத்தனை வேலை செய்யுது' என்று இல்லை. மேலே அவர் வாய் திறக்க முடியாமல் இருக்கிறார், கீழே எங்களை வாய் திறக்க விடாமல் இருக்கிறார். இதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அப்படியென்றால் வலயத்திலிருந்து ஆள் வந்து முன்வரிசையில் இருந்த அந்த ஒரு நாள்தானே இதைச் சொல்லவேண்டிய நாள்? எழுபது அம்மாமார் சேர்ந்து சொன்னால் அது அதிபருக்கு எதிரான முறைப்பாடு இல்லை, அதிபருக்குப் பலம். விருந்தினருக்கு முன்னால் மானம் போகும் என்று நினைத்து, தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பலத்தை அவரே ஒபிசுக்குள் தனித்தனியாக வரச்சொல்லிக் கலைத்துவிட்டார்.

ஒபிசில் தனியாகக் கதைக்கிறது என்கிறதுதான் இந்த முழு ஒழுங்கின் பூட்டு. தனியாகப் போனால் அது உங்கள் பிள்ளையின் பிரச்சினை. மண்டபத்தில் கதைத்தால் அது பாடசாலையின் பிரச்சினை, கூட்ட அறிக்கையில் எழுதவேணும், அடுத்த முறை பதில் சொல்லவேணும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்துக்கும் நான் போனேன். போன கூட்டத்தின் அறிக்கை வாசித்தார்கள். வளைவுக்கு ஒரு பந்தி, பொன்னாடைக்கு இரண்டு வரி. எங்களுக்கு ஒரு வரி: "மாணவர் நலன் தொடர்பாகவும் கலந்துரையாடப்பட்டது." தண்ணீர் என்ற சொல் இல்லை. மலசலகூடம் என்ற சொல்லும் இல்லை.

ஆனால் அந்த இடைவெளியில் ஒன்று நடந்திருந்தது. அன்றைக்குப் பின்னுக்கிருந்து கதைத்த நாலு அம்மாமாரும் தனித்தனியாகப் போகாமல் ஒரு நாள் சேர்ந்து ஒபிசுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த கிழமை மோட்டர் திருத்தியாகிவிட்டது. கூட்டத்தில் அதிபர் அதைத் தன் முயற்சி என்று சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள், அந்த நாலு பேரும் தட்டினார்கள். தண்ணீர் வருகிறது, சந்தோசம். ஆனால் அது கேள்விக்குக் கிடைத்த பதிலாக வரவில்லை, மனமிரங்கிச் செய்த உதவியாக வந்தது. உதவி என்றால் நாளைக்கு நிற்கலாம், நின்றால் திரும்பவும் முதலிலிருந்து கெஞ்சவேணும்.

அதனால்தான் மோட்டரோடு இதை முடிக்க நான் விரும்பவில்லை. கூட்டத்தை மாற்றவேணும். கேட்கிறது பெரிய விசயங்கள் இல்லை.

கூட்டத்தைச் சனிக்கிழமையோ பின்னேரமோ வையுங்கள். ஒரு கிழமைக்கு முன்னால் பிள்ளைகளின் கொப்பியில் அறிவித்தல் ஒட்டும்போது, 'நீங்கள் கதைக்க விரும்புகிற விடயம்' என்று இரண்டு வரி இடம் விட்டு அனுப்புங்கள், பெயர் எழுதத் தேவையில்லை. 'வேறு விடயங்கள்' என்ற வரியை அழித்துவிட்டு 'பிள்ளைகளின் நாளாந்தம்' என்று எழுதி முதலாவதாகப் போடுங்கள், விளக்கேற்றினவுடனேயே. ஒவ்வொரு விடயத்துக்கும் யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்று அறிக்கையில் எழுதுங்கள். சேர்த்த காசின் கணக்கை ஒபிசுக்குள் வைக்காமல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே கதிரை போடுங்கள்.

பெற்றோருக்கும் இரண்டு விசயம். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். அந்த நாலு அம்மாமாருக்கு இதை ஒருவரும் சொல்லிக் குடுக்கவில்லை, அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். கணக்குக் காட்டாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச பாடசாலையும் அதுக்குள் வரும். எழுத்தில் கேட்டால் தரமுடியுமா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். பிள்ளைக்கு அடி விழுந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறவை. எங்கள் அம்மாமாரிடம் போய்ச் சேராமல் இருக்கிறவை.

போய்ச் சேராததுக்கு நாங்களும் காரணம். கம்பஸில் சமூகவியல் பாடத்துக்குப் 'பங்கேற்பு' என்று பத்துப் பக்கம் ஒப்படை எழுதுகிறோம். இலவசக் கல்வியைக் காப்போம் என்று ஊர்வலம் போகிறோம். நான் மூன்று வருசம் ஊர்வலம் போயிருக்கிறேன், அந்தப் புதன்கிழமைக்கு முதல் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் போனதில்லை. எங்களில் கனபேருக்கு இந்த மாதிரிப் பாடசாலையில் தம்பி, தங்கச்சி, மருமகள் என்று யாராவது படிக்கிறார்கள். வீட்டில் நிற்கிற நாளில் கூட்டம் வந்தால் அம்மாவோடு போங்கள். 'நீங்கள் பெற்றோரோ' என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்க வந்ததைக் கேளுங்கள். பின்னுக்கிருந்து யாராவது "என்ர பிள்ளையும் அப்பிடித்தான்" என்று சொல்லுவார்கள்.

எங்கள் பிள்ளை இப்போது நாலாம் வகுப்பு. போத்தல் பாதி குறைந்து வருகிறது. முழுக்கக் குடித்து முடிக்க இன்னும் அவளுக்குப் பயம் போகவில்லை.